கரண்டிச் சத்தம்

பூசணிக்காயில் அடிபட்ட பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டால் முக்கால் காய் தேறும். தக்காளி அப்படி இல்லை. ஒரு இடத்தில் அமுங்கினால் உள்ளே எல்லாம் போச்சு என்று அர்த்தம். கீரைக்கட்டில் மேல் இலை வாடியிருந்தாலும் நடுவில் கை வைத்துப் பார்க்க வேண்டும், குளிர்ச்சி இருந்தால் பயமில்லை. மார்க்கெட்டில் காய்களைத் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம். கழித்துப் போட்ட குவியலிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் முதலாளி கண்டுகொள்ள மாட்டார். அந்தப் புண்ணியத்தில்தான் அவள் வீட்டில் இரண்டு வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

மார்க்கெட்டில் அவளுக்குத் தராசு என்று பெயர். ஒரு கைப்பிடி வெங்காயத்தை அள்ளி, கண்ணை மூடி எடை சொன்னால் சொன்னதுதான். சந்தேகப்பட்டு மெஷினில் போட்டவர்கள் அசடு வழிந்துகொண்டு போவார்கள். சின்னப் பெண்கள் தராசக்கா என்பார்கள், பெரியவர்கள் தராசு என்பார்கள், சொந்தப் பெயர் ஒன்று இருந்ததை அவளே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வாள். வீட்டில் மட்டும் அவள் பாப்பா. ஐம்பதைத் தாண்டி, முன்னந்தலையெல்லாம் நரைத்த பாப்பா.

அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவளுடைய அண்ணன். ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், அதனால் தெருவுக்கே மாஸ்டர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அளவு சரியா வரல" என்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு, புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்து, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்தவள் வந்தவள்தான். மூன்றாவது மாடியில் கடைசி வீடு, இரண்டே அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர். அந்தக் கதவை வேறு யாராவது தட்டினால் தப்பான வீட்டுக்கு வந்தவர்களாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்துக்கு முன்னால் மாஸ்டருக்கு வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இது இப்போதைக்குச் சாது, ஆனால் உள்ளே விட்டு வைக்கக் கூடாது, வெட்டி எடுத்துவிட்டால் ஆயுசு கெட்டி என்றார். ஆனால் உடம்பில் ஒன்றுமே இல்லை, இந்த எடைக்குக் கத்தி வைக்க மாட்டேன், இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டு எடையை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முட்டை, பருப்பு, கீரை, கடலை. மருந்துச் சீட்டில் எழுதுகிற மாதிரி வாயால் சொன்னார்.

நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வதற்கு என்ன, வாய்க்கு வந்தது சொல்லிவிடலாம். மாஸ்டரின் வேலை உடம்பு படுத்திய அன்றோடு போய்விட்டது. ஒரு ஆள் கூலியில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும், அதிலும் ஒரு ஆள் சதை போட வேண்டும். அவள் அசரவில்லை. மளிகைக்கடையில் உடைந்த பருப்பு விலை குறைச்சல், சத்து என்னவோ ஒன்றுதான். கழிபட்ட கீரையின் தண்டைப் பொடியாக நறுக்கிப் பருப்போடு வேகவிடுவாள். வேர்க்கடலையை வறுத்து இடித்து மேலே தூவுவாள். மீன்கடையில் தலையை மட்டும் வாங்கிக் கொதிக்கவைத்து வடிகட்டுவாள். கீழ்வீட்டு முட்டைக்காரர் விரிசல் விட்ட முட்டைகளைத் தனியாக ஒரு தட்டில் வைத்திருப்பார், அது அவளுக்கு.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலமும் அங்கே போய் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர் எப்படியிருக்காரு?" என்றார் முட்டைக்காரர்.

"தேறிட்டாரு. நாளைக்கு எடை பாக்கறாங்க."

"நீங்களும் தேறிட்டீங்க போலருக்கே. கன்னமெல்லாம் சும்மா பளபளன்னு."

"உங்க கண்ணுல கொள்ளிய வைக்க. முட்டை முழுக்க அவருக்குத்தான் போவுது, நான் மோந்து பாக்கறதோட சரி."

"மோந்து பாத்தே இப்படின்னா, தின்னா என்ன ஆவீங்க?"

அவள் முறைத்துவிட்டு மாடி ஏறினாள். படியேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். இந்த இரண்டு மாதமாகத் தாடி வேறு. மழிக்கச் சோம்பலாக இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டார், அது நரைத்துப் புதராக முகத்தை மூடிவிட்டது.

"அண்ணே, எந்திரிங்க. ஒரு தடவ திரும்புங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா திரும்புங்களேன்."

அவர் எழுந்து திரும்பினார். அவள் பேன்ட் இடுப்புக்குள் விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"பாத்தீங்களா, இறுகிடுச்சு. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு இடுப்புல கயித்தக் கட்டியில்ல கூட்டிட்டுப் போனேன்."

"ஆமாமா."

"என்ன ஆமாமா. வாயத் தொறந்து ஒரு நல்லது சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"உன் கை சமையல் பாப்பா. கல்ல வேகவச்சுக் குடுத்தாலும் சதை போடும்."

அது போதும் அவளுக்கு. அடுப்பைப் பற்றவைத்தாள். பூசணியும் பருப்பும் ஒன்றாகக் குழைந்து வந்ததும் கீரையைப் போட்டாள். இரண்டு முட்டையை அவித்து, இரண்டையும் அவர் தட்டிலேயே வைத்து மூடினாள். நாளைக்குத் தேர்வாயிற்றே.

அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. சண்டை ஒன்றுமில்லை. மார்க்கெட்டில் விடிவதற்கு முன்னால் லாரி வந்துவிடும், அவள் நேரத்தோடு படுத்தாக வேண்டும். அவருக்கு ரேடியோவில் செய்தி முடிந்தால்தான் பசிக்கும். அதனால் அவள் அடுப்படியிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் போய்ப் படுப்பாள். அவர் தனியாகக் கரண்டியால் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, மிச்சம் மீதியை அவளுடைய மத்தியான டப்பாவில் கட்டி வைப்பார். இந்த டப்பா கட்டுகிற வேலை புதிசு. காலையில் நீ தலை தெறிக்க ஓடுகிறாய், இதையாவது நான் செய்கிறேன் என்று அவரே எடுத்துக்கொண்டது. டப்பா கனமாகத்தான் இருக்கும். அவள் கைக்கு அது தெரியும். அண்ணன் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார், பருப்பு ஆறினால் பெருகும், இப்படி ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு தூக்கிக்கொண்டு ஓடுவாள். மத்தியானம் சாக்குமேல் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை தின்பாள். கழிபட்ட காயைக்கூட வீணாக்காதவள் சோற்றை மிச்சம் வைப்பாளா?

இந்த இரண்டு மாதமாகப் படுத்த பிறகு அவள் ஒன்றுக்காகக் காத்திருப்பாள். செய்தி முடியும், ரேடியோ அடங்கும், நாற்காலி இழுபடும், அப்புறம் தட்டில் கரண்டி படுகிற சத்தம். டிங். டிங். அண்ணன் சாப்பிடுகிறார். அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் சொருகிவிடும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு உறைக்கும். அன்றைக்கும் கேட்டாள், அன்றைக்கும் தூங்கிப்போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெஞ்சு முழுக்க ஆட்கள், ஈரக்குடைகள். நர்ஸ் சின்ன வயசுக்காரி.

"கம்பளியையும் செருப்பையும் கழட்டிட்டு ஏறுங்கய்யா."

மாஸ்டர் மெதுவாக ஏறி நின்றார். நர்ஸ் குனிந்து பார்த்தாள், கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

"என்னய்யா இது. போன தடவைய விட நாலு கிலோ எறங்கியிருக்கு."

"இருக்காதும்மா," என்றாள் தராசு. "உங்க மெஷின் சரியில்ல."

"காலையிலதான் சரி பாத்தோம்."

"மார்க்கெட்டுல நான் பாக்காத மெஷினா? அண்ணே, எறங்குங்க. நான் ஏறிக் காட்டறேன். என் எடை எனக்குத் தெரியும், மழைக்கு முன்னாடி மூட்ட போடற மெஷினுல ஏறிப் பாத்தேன். பத்து வருஷமா அதே எடைதான்."

எடை எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லிவிட்டே ஏறினாள். நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னத விட அஞ்சு கிலோ கூட."

"பாத்தீங்களா? அஞ்சு கிலோ கூடக் காட்டுது. நான்தான் சொன்னேனே, மெஷின் தப்புன்னு."

"அப்ப ஐயாவுக்கும் கூடத்தானே காட்டியிருக்கும்? அவரு இன்னும் கம்மின்னுல்ல ஆவுது."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நர்ஸ் தானே ஒரு தடவை ஏறி, "எனக்குச் சரியாத்தான் காட்டுது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கம்பளி இல்லாமல் நின்ற அண்ணனைத் தராசு திரும்பிப் பார்த்தாள். சட்டை உடம்போடு பொருந்தித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சட்டைக்குள் இருந்த உடம்பு ஒரு பையனுடைய உடம்பு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாப்பிடறது ஒட்டலையா, இல்ல சாப்பிடவே இல்லையா?"

"நல்லா சாப்பிடறாரும்மா. நான் ஆக்கிப் போடறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப இவரு சொல்லட்டும்."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. இந்த ஒடம்ப மேஜைல போட்டா என்னால திரும்ப எழுப்ப முடியாது. அதுக்காக அந்தக் கட்டி நமக்காகக் காத்துட்டிருக்காது. இப்ப ஆபரேஷன் வேணாம். இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். அப்பவும் ஏறலன்னா, என் கையில ஒண்ணுமில்ல."

ஆபரேஷன் வேண்டாம் என்ற இடத்தில் மாஸ்டர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. தோள் தளர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அதைப் பார்த்தாள். அப்போது அதற்கு அர்த்தம் விளங்கவில்லை.

திரும்பிப் போகப் பஸ் ஏறினார்கள். கண்ணாடியில் மழை வழிந்தது. வளைவில் பஸ் சாய்ந்தபோது அவர் விழுந்துவிடாமல் இருக்க அவள் அவர் முழங்கைக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கினாள். அந்தக் கை அவள் உள்ளங்கையில் கிடந்தது. எத்தனை ஆயிரம் காயைத் தூக்கிப் பார்த்த உள்ளங்கை. ஒரு வீட்டில் இருந்துகொண்டு இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது இப்படித் தொட்டுப் பார்த்திருந்தால் போதுமே என்று நினைத்தாள். இறங்குகிற இடம் வரும்வரை கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் உடை மாற்றினதும், கழற்றிப் போட்ட பேன்ட்டை எடுத்து இடுப்பை உள்பக்கமாகப் புரட்டினாள். பின்பக்கத்தில் துணியைப் பிடித்துத் தைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பிரித்த தையலின் ஊசித்தடம் ஒரு வரிசை, அதற்கு அப்பால் இன்னொரு வரிசை. உடம்பு இறங்க இறங்கப் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார். சட்டையும் அப்படித்தான். சட்டென்று ஏதோ தோன்றி, கதவில் மாட்டியிருந்த தான் மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டை இழுத்துப் புரட்டினாள். இரண்டு பக்கத் தையலும் பிரித்து விடப்பட்டிருந்தது. உள்ளே மடிந்திருந்த துணி வெயில் படாமல் புதுசாக, ஒரு விரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. அவளுக்கு இறுக்கம் தெரிந்துவிடக் கூடாது என்று.

தையல் என்னவோ அருமையான தையல். மாஸ்டர் கை என்றால் சும்மாவா.

"அண்ணே."

அவர் வாசல்படியில் நின்றார்.

"யாரு தச்சா இத?"

"நான்தான்."

"டப்பாவுல எனக்குக் கட்டினது மிச்சம் இல்ல. உங்க சாப்பாடு."

அவள் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். குரல் உடைந்துவிட்டது.

"நான் மழையிலயும் குளிர்லயும் நின்னு வேல பாக்கறேன்னு, உங்க வாயக் கட்டி எனக்குக் குடுத்தீங்களா? நான் கேட்டனாண்ணே? எனக்கு எதுக்குண்ணே அந்தச் சோறு?"

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலை அவளே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. தங்கைக்காகப் பட்டினி கிடந்த அண்ணன் என்று சாகிறவரைக்கும் நினைத்து உருகியிருப்பாள். மாஸ்டருக்கும் அந்த ஆசை வந்ததை மறைப்பானேன்.

"அப்படிச் சொல்லிட்டாக் கேக்க நல்லாத்தான் இருக்கும் பாப்பா," என்றார். "ஆனா அது இல்ல."

"பின்ன?"

"பயம்."

"என்ன பயம்?"

"கத்தி."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வாழ்நாளெல்லாம் கத்திரியும் கையுமா நின்ன மனுசன் நீங்க."

"அதனாலதான். வெட்டறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்ல. நல்ல கைதான் என் கை. அதுலயே எத்தன தப்பு வெட்டு வெட்டியிருக்கேன். யாராவது கூப்பிடுவாங்க, ஒரு நொடி கவனம் போகும், போச்சு. அப்புறம் என்ன ஒட்டுப் போட்டாலும் போட்டதுதான். துணின்னா தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கலாம்."

"அந்தம்மா அப்படியா வெட்டுவாங்க?"

"தெரியல. அந்தம்மா கையப் பாத்தேன், நல்ல கையாத்தான் இருக்கு. ஆனாலும் ராத்திரியானா நெனப்பு வருது. எடை ஏறலன்னா வெட்ட மாட்டேன்னாங்கல்ல. ஏறாமப் பாத்துக்கிட்டேன். நீ பொறுக்கிட்டு வர்றத குப்பையில போட மனசு வரல. அதான் உன் டப்பாவுல, முட்டையக்கூடப் பருப்போட மசிச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்ப சொல்றது? நீ இருட்டுல போற, வந்து ஆக்கி வச்சுட்டுப் படுத்துடற. அதுவும் இந்த வயசுல, தங்கச்சிகிட்ட, பயமா இருக்குன்னு."

அவள் கத்தவில்லை. எழுந்து, கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

அரிசி டப்பாவில் கை விட்டதும் கை தானாக இரண்டு பிடி அள்ளியது. ஒரு பிடியைத் திரும்பக் கொட்டினாள். பருப்பிலும் அப்படியே. ஒரு ஆளுக்கு ஆக்கச் சின்னப் பாத்திரம் தேடினாள், அந்த வீட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. கடைசியில் டீ போடுகிற சட்டியில் வேகவைத்தாள். கீரை ஒரு கை. முட்டை ஒன்று.

வெந்ததும் அடுப்படியில் உட்காராமல், முன்னறை மேஜையில் ஒரே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தாள். ரேடியோவில் செய்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவர் எதிர் நாற்காலியில் இருந்தார்.

"எனக்கு?"

"இல்ல."

"கோவமா பாப்பா?"

"கோவமெல்லாம் இல்ல. பழகிப் பாக்கறேன்."

"என்னத்த?"

"ஒருத்திக்கு ஆக்கறத. நாளைக்கு அப்படித்தானே ஆக்கணும். இப்பவே பழகிட்டா நல்லதுல்ல? இந்தப் பாழாப்போன கை ரெண்டு பிடி அள்ளுது."

ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழுதாள், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"உங்களுக்கு அந்த மேஜைலதான் பயம். எனக்கு இந்த வீட்டுலண்ணே. கதவத் தொறந்து உள்ள வந்தா ரேடியோ கூட இருக்காது. பாப்பான்னு கூப்பிட நான் எவன போய்த் தேடுவேன்?"

மாஸ்டர் எழுந்து போனார். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கவிழ்த்து வைத்திருந்த தன் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். வாய்விட்டுக் கேட்க அவருக்கு வரவில்லை. வெறும் தட்டைக் கரண்டியால் தட்டினார். டிங். டிங்.

அவள் கை நின்றுவிட்டது.

"தெனம் ராத்திரி கேட்டது இதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ கேட்டுட்டுதான் தூங்குவேன்னு தெரியும்."

இரண்டு மாதம் அவளைத் தூங்க வைத்த சத்தம். மெல்லத் தன் தட்டை இழுத்து, பாதிக்கு மேல் அவர் தட்டில் தள்ளினாள். முட்டையை முழுசாக வைத்தாள்.

"இனிமே என் கண்ணு முன்னாடிதான் சாப்பிடணும். செய்தி கெடக்கட்டும்."

"சரி."

"தாடிய எடுத்துடணும்."

"சரி." கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பாப்பா, உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ வெளிய இருப்பியா?"

"எங்க போவேன்? அங்கதான் உக்காந்திருப்பேன்."

"மார்க்கெட்டு?"

"தக்காளி ஒரு நாளு தானா தரம் பிரிஞ்சுக்கும்."

அவர் லேசாகச் சிரித்தார். அப்புறம் ஒரு வாய் எடுத்தார். வெகுநேரம் மென்றார். பழக்கம் விட்டுப்போன வயிறு, வாய்க்கு வாய் நின்று நின்றுதான் இறங்கியது. அவள் படுக்கிற நேரம் தாண்டிவிட்டது, எழுந்திருக்கவில்லை. மழை விட்டிருந்தது, ரேடியோவை யாரும் போடவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லாதது என்னவோ மாதிரி இருக்க, அவள் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். சோறு இருக்கிற தட்டில் கரண்டி சத்தமே போடாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.